மூணு பேரும் ஒரு நோட்டும்!

ராத்திரி மணி 12.45. குளிர் மைனஸ் மூணு டிகிரி. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்தில், லைட் அணைத்துவிட்ட ஒரு ரெஸ்டாரன்ட் வாசலில் ரெண்டு கையையும் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடுங்கிக்கொண்டிருக்கிறேன். கதவைத் திறந்துகொண்டு என் நண்பன் வெளியே வருகிறான். ஜாக்கெட் முழுக்க பூண்டு வாசனை. தண்ணீரிலேயே ஊறிய விரல் நுனியெல்லாம் வத்தல் மாதிரி சுருங்கிக் கிடக்கிறது.

''என்னடா, 12 மணிக்கு வேலை முடியும்னு சொன்னே?''

''வேலை 12 மணிக்கே முடிஞ்சிடுச்சு மாப்ள. அதுக்கப்புறம் பண்ணினது சேவை!''

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். ஆனால், மதுரை ஹாஸ்டலில் நாலு வருஷம் ஒரே ரூமில் இருந்தவன் இல்லையா... அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். மெஸ் பில் கட்டப் பணமில்லாத மாசக் கடைசியில் சிரிக்கிற சிரிப்பு அது!

பேர் வேண்டாம். விசா, வேலை என்று ஆயிரம் இருக்கிறது. 'மாப்ள' என்றே வைத்துக்கொள்வோம். நாங்கள் ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் அப்படித்தான் கூப்பிட்டுக்கொள்வோம். இப்போது அங்கே இன்ஜினீயரிங்கில் மாஸ்டர்ஸ் ரெண்டாவது வருஷம். 2025 நவம்பர் கடைசியில் அவனைப் பார்க்கத்தான் போனேன். கிறிஸ்துமஸ் சந்தை பார்க்கலாம், ஆற்றங்கரையில் போட்டோ எடுக்கலாம் என்பதுதான் பிளான். அதெல்லாமும் நடந்தது. ஆனால், ஊர் திரும்பிய பிறகும் மனசில் நிற்பது ஒரு சமையலறைதான்.

பழசு புதுசு, புதுசு பழசு!

முதலில் ஊரைப் பார்த்துவிடுவோம். எல்பே ஆறு டிரெஸ்டனை ரெண்டாகப் பிரிக்கிறது. தென்கரையில் 'அல்ட்ஸ்டாட்'. அப்படி என்றால் பழைய ஊர். 1945 பிப்ரவரி 13, 14 தேதிகளில் பிரிட்டிஷ், அமெரிக்க விமானங்கள் குண்டு போட்டுத் தரைமட்டமாக்கிய பகுதி. அப்போது இடிந்த ஃப்ரவுன்கிர்ஹே தேவாலயம் பல வருஷங்கள் வெறும் கற்குவியலாகவே கிடந்து, 2005-ல்தான் மறுபடி திறக்கப்பட்டது. கருகிய பழைய கற்களையும் புதுக் கற்களோடு சேர்த்தே கட்டியிருக்கிறார்கள். சுவரில் திட்டுத் திட்டாகக் கறுப்பு தெரிகிறது.

வடகரையில் 'நோய்ஸ்டாட்'. அதாவது புது ஊர். இங்கேதான் தமாஷ். குண்டு அதிகம் விழாமல் தப்பித்த பகுதி இது. அதனால் 'புது ஊரில்' 19-ம் நூற்றாண்டு வீடுகள் அப்படியே நிற்கின்றன. 'பழைய ஊர்' பெரும்பாலும் புதுசாகக் கட்டியது!

கிழக்கு ஜெர்மனி காலத்தில் கவனிப்பார் இல்லாமல் பாழடைந்து கிடந்த நோய்ஸ்டாட்டில், பெர்லின் சுவர் விழுந்த சமயத்தில் இளவட்டங்கள் புகுந்து குடியேறினார்கள். 1990 ஜூனில் 'வண்ணமயமான நோய்ஸ்டாட் குடியரசு' என்று தனி நாடே அறிவித்துவிட்டார்கள். சொந்தக் கரன்ஸி, மிக்கி மவுஸ் படம் போட்ட கொடி. செம லொள்ளு இல்லை?! அதன் நினைவாக ஜூன் மாசத்தில் தெருத் திருவிழா நடக்கும்.

அலவுன் தெரு, லூயிஸன் தெரு, கோர்லிட்ஸர் தெரு... எந்தப் பக்கம் திரும்பினாலும் 'க்னைப்பே'. நம்ம ஊர் டீக்கடை மாதிரி, அவர்கள் உட்கார்ந்து அரட்டையடிக்கிற பீர்க்கடை. அலவுன் தெருவுக்கும் கோர்லிட்ஸர் தெருவுக்கும் நடுவில் ஒரு முற்றம் இருக்கிறது. நீலச் சுவர் முழுக்க புனலும் குழாயுமாக வளைத்து வளைத்து வைத்திருக்கிறார்கள். மழை பெய்தால் வீடே வாத்தியம் வாசிக்குமாம். டூரிஸ்ட்டுகள் அண்ணாந்து பார்த்து போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். நானும் எடுத்தேன்.

''எல்லாரும் முன்வாசல் வழியா வந்து இந்த ஊரைப் பார்ப்பாங்க மாப்ள. நான் பின்வாசல் வழியாப் பார்க்கறேன்'' என்றான் அவன்.

பின்வாசல் கதை

ஜெர்மனியில் படிக்கிற வெளிநாட்டு மாணவர்களில் இன்று முதலிடம் இந்தியர்களுக்குத்தான். சீனர்களை முந்திப் போய்விட்டோம். பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் டியூஷன் ஃபீஸ் இல்லை என்பது உண்மை. ஆனால், வாடகை உண்டு, இன்ஷூரன்ஸ் உண்டு, ஊரில் பேங்க் லோனுக்கு வட்டியும் உண்டு. ஜெர்மன் மொழி சரளமாக வராதவனுக்கு முதலில் திறக்கிற கதவு எது? சமையலறைக் கதவு!

மாப்ள செப்டம்பரில் சேர்ந்தான். வாரம் 15 மணி நேரம், பாத்திரம் கழுவுவது, காய் நறுக்குவது. சம்பளம் நாட்டின் குறைந்தபட்சக் கூலி: 2025-ல் மணிக்கு 12.82 யூரோ.

''சேர்றதுக்கு முன்னாடி ரெண்டு நாள் 'ட்ரையல்'னு சொல்லி, ஆறு ஆறு மணி நேரம் வேலை வாங்கினாங்க. அதுக்குக் காசு கிடையாது. அப்புறம் தினமும் 12 மணிக்குக் கடையைச் சாத்தினதும் கணக்கு முடிஞ்சிடும். ஆனா, தரை தேய்ச்சு, அடுப்பு துடைச்சு, குப்பை கொட்டிட்டு வெளியே வர 12.45 ஆயிடும். அந்த முக்கா மணி நேரம் யார் கணக்குலயும் வராது.''

கேட்க வேண்டியதுதானே?

''முதலாளி ரொம்ப ஸ்வீட்டாப் பேசுவார் மாப்ள. 'நாமெல்லாம் ஒரே குடும்பம்'பார். குடும்பத்துல கணக்கு கேட்கலாமா?!''

அவன் மட்டும் இல்லை. பரிமாறுகிற கொலம்பியாக்காரப் பெண் ஒரு வாரம் காய்ச்சலில் படுத்தாள். அந்த வாரச் சம்பளம் அவுட். அடுப்படியில் நிற்கிற சிரியாக்கார அண்ணன் லீவு கேட்டால், ''பார்ட் டைம்காரனுக்கு ஏதுப்பா லீவு?'' என்று பதில்.

சட்டம் குண்டு, சமையலறை ஒல்லி!

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? இத்தனைக்கும் அங்கே சட்டம் உண்டு. வேலையில் சேர்ந்து நாலு வாரம் ஆகிவிட்டால், உடம்பு சரியில்லாத நாளுக்கும் ஆறு வாரம் வரை முதலாளிதான் சம்பளம் தரணும். பார்ட் டைம்காரருக்கும் சம்பளத்தோடு லீவு உண்டு. 'ட்ரையல்' என்ற பேரில் நிஜ வேலை வாங்கினால் அதற்கும் கூலி உண்டு. ஹோட்டல், ரெஸ்டாரன்ட் தொழிலில் ஒவ்வொருத்தரும் எத்தனை மணிக்கு ஆரம்பித்தார், எத்தனை மணிக்கு முடித்தார் என்று ஏழு நாளைக்குள் எழுதி, ரெண்டு வருஷம் பத்திரமாக வைத்திருக்க வேண்டியது முதலாளியின் கடமை.

''இதெல்லாம் உனக்கு முன்னாடியே தெரியுமாடா?''

''பாதி தெரியும். தெரிஞ்சு என்ன பண்றது? சட்டப் புத்தகம் தானா நடந்து சமையலறைக்குள்ள வருமா?''

அதற்குத்தான் சங்கம். ஜெர்மன் தொழிற்சங்கம் என்றதும் எனக்கு ஞாபகம் வந்தது பெரிய கார் கம்பெனி, கொடி, மைக், ஆயிரக்கணக்கான ஆட்கள். அஞ்சாறு பேர் வேலை பார்க்கிற ஒரு ரெஸ்டாரன்ட்டில், அதுவும் ஆறு மாசத்துக்கு ஒருமுறை ஆள் மாறுகிற இடத்தில், யார் யாரைச் சேர்த்து என்ன சங்கம் அமைப்பது?

மெஸ் கமிட்டியா, யூனியனா?

அங்கே ரெண்டு ஏற்பாடு இருக்கிறது. நம்ம ஹாஸ்டல் பாஷையில் சொல்கிறேன்.

ஒன்று, 'பெட்ரீப்ஸ்ராட்'. மெஸ் கமிட்டி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். குறைந்தது அஞ்சு நிரந்தர ஊழியர்கள் இருக்கிற எந்த இடத்திலும் தேர்தல் வைத்து அமைக்கலாம். தேர்தலுக்கான கூட்டத்தைக் கூட்ட மூணே மூணு ஊழியர்கள் சேர்ந்தால் போதும். ஷிஃப்ட் லிஸ்ட் போடுவது உட்பட பல விஷயங்களில் முதலாளி இந்தக் கமிட்டியின் சம்மதம் வாங்கணும். ஆனால், கமிட்டி ஸ்டிரைக் பண்ண முடியாது.

ரெண்டாவது, 'கேவெர்க்ஷாஃப்ட்'. அதுதான் தொழிற்சங்கம். ஸ்டிரைக்குக்கு அழைப்பு விட வேண்டியது இதுதான். சங்கம் இல்லாமல் தொழிலாளர்கள் தாங்களாகவே வேலையை நிறுத்தினால், 'செல்லாது' என்பதுதான் அங்கே கோர்ட்டுகளின் வழக்கமான தீர்ப்பு.

உணவுத் தொழிலுக்குப் பெரிய சங்கம் என்.ஜி.ஜி. அதன் வேர், 1865-ல் பக்கத்து ஊரான லைப்ஸிக்கில் சுருட்டுத் தொழிலாளர்கள் ஆரம்பித்த சங்கம். வயசு 160-ஐத் தாண்டிவிட்டது! 2018-ல் கொலோன் நகரில் சைக்கிளில் சாப்பாடு டெலிவரி செய்த பசங்க கமிட்டி அமைக்கப் போராடியபோது, அவர்களுடைய இயக்கம் பிறகு சேர்ந்துகொண்டதும் இந்தச் சங்கத்தோடுதான்.

இன்னொன்று சின்ன சங்கம்: எஃப்.ஏ.யூ. 1977-ல் ஆரம்பித்தது. இதன் முன்னோடி 1919-ல் பிறந்து, லட்சம் பேருக்கு மேல் வளர்ந்து, 1933-ல் ஹிட்லர் வந்ததும் நசுக்கப்பட்ட ஒரு சங்கம். எஃப்.ஏ.யூ-வில் தலைவர் மேலே, தொண்டர் கீழே என்கிற கதை இல்லை. உறுப்பினர்களே கூடிப் பேசி முடிவெடுக்கிறார்கள். 2009-ல் பெர்லினில் ஒரு சினிமா தியேட்டர் ஊழியர்களுக்காக இவர்கள் போராடியபோது, 'நீங்கள் உங்களைத் தொழிற்சங்கம் என்றே சொல்லிக்கொள்ளக் கூடாது' என்று கோர்ட் தடை போட்டது. அடுத்த வருஷமே மேல் கோர்ட்டில் அந்தத் தடை உடைந்தது.

டிரெஸ்டனில் இவர்கள் ஹோட்டல், க்னைப்பே ஊழியர்களுக்கென்றே தனிப் பிரிவு ஆரம்பித்தார்கள். 2014-ல் இதே நோய்ஸ்டாட்டில் ஒரு க்னைப்பே ஊழியர்கள் ஸ்டிரைக்கே பண்ணியிருக்கிறார்கள். பீர்க்கடையில் ஸ்டிரைக்! குடிக்க வந்தவர்களிடமே வாசலில் நின்று நியாயம் கேட்டிருக்கிறார்கள்.

அந்தச் சின்ன ரூம்

ஒரு புதன்கிழமை சாயங்காலம், மாப்ள என்னையும் இழுத்துக்கொண்டு போனான். சங்க ஆபீஸ் என்றதும் பெரிய கட்டடத்தை எதிர்பார்த்தேன். பழைய சோபா, போஸ்டர் ஒட்டிய சுவர், ஃபிளாஸ்க்கில் டீ. கொலம்பியாக்காரப் பெண்ணும் சிரியா அண்ணனும் எங்களுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார்கள். ஒரே சமையலறையில் மூணு மாசம் வேலை பார்த்தவர்கள், ஒரே மேஜையில் உட்கார்ந்து பேசுவது அதுதான் முதல் தடவையாம். வேலையில் உட்கார ஏது நேரம்?

எதிரில் உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு முப்பது வயசு இருக்கலாம். வக்கீல் இல்லை. இன்னொரு க்னைப்பேயில் பீர் ஊற்றுகிறவர். லீவு நாளில் இங்கே வந்து உட்காருகிறார், சம்பளம் இல்லாமல். பாதி ஜெர்மன், பாதி ஆங்கிலம், கொஞ்சம் கை ஜாடை என்று பேச்சு ஓடியது.

''மணிக்கணக்கு எழுதி வெச்சிருக்கியா?'' என்பதுதான் முதல் கேள்வி.

மாப்ள பையிலிருந்து ஒரு குட்டி நோட்டை எடுத்தான். கிராமத்தில் மளிகைக்கடை வைத்திருக்கிற அப்பா கற்றுக்கொடுத்த பழக்கம். தேதி, உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம். 31 ராத்திரி. ஒவ்வொன்றிலும் முக்கால் மணி. மொத்தம் இருபத்து மூணேகால் மணி நேரம். ட்ரையல் 12 மணி நேரத்தையும் சேர்த்தால் சுமார் 452 யூரோ. அவனுடைய ஒரு மாச ஹாஸ்டல் வாடகையைக் கட்டி, மிச்சமும் இருக்கும்!

அந்தப் பெண்ணின் முகத்தில் அப்படியொரு வெளிச்சம். பிறகு, இனிப்பு தடவாமல் உண்மையைச் சொன்னார். வேலையில் சேர்ந்து ஆறு மாசம் ஆகவில்லை. அதனால் வேலை நீக்கத்துக்கு எதிரான பாதுகாப்புச் சட்டம் இவனுக்கு வராது. உரிமையைக் கேட்டதற்காகப் பழிவாங்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. ஆனால், பழிவாங்கினார் என்று நிரூபிப்பது கஷ்டம். ஒப்பந்தத்தில், பாக்கியை மூணு மாசத்துக்குள் எழுத்தில் கேட்கணும் என்று ஒரு வரி இருக்கிறது. ட்ரையல் நடந்தது செப்டம்பரில். ஆனால், குறைந்தபட்சக் கூலியை அந்த வரியால் பறிக்க முடியாது.

''கடிதம் அனுப்பறதா வேண்டாமான்னு நாங்க சொல்ல மாட்டோம். மூணு பேரும் பேசி முடிவு பண்ணுங்க'' என்று சொல்லிவிட்டு டீ ஊற்றப் போய்விட்டார்.

'எல்லோருக்கும்' என்று ஒரு வார்த்தை

அன்று ராத்திரி அகஸ்டஸ் பாலத்தில் நடந்தோம். கொஞ்ச தூரத்தில் கரோலா பாலம் இருந்த இடம் காலியாகத் தெரிந்தது. 2024 செப்டம்பரில் ஒரு பகுதி ஆற்றுக்குள் சரிந்து விழ, மிச்சத்தையும் இடித்துவிட்டார்கள்.

மாப்ள ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் கொட்டினான்.

''பயமா இருக்குடா. நான் இந்த நாட்டுக்காரன் இல்ல. விசாவைப் புதுப்பிக்கப் போறப்ப 'இவன் வம்பு பண்றவன்'னு சொல்லிட்டா? வேலை போச்சுன்னா லோன் யார் கட்டுவா? அப்பாகிட்ட என்னன்னு சொல்றது? அவங்க நாட்டுல போய் சங்கம் பேச நமக்கு என்னடா உரிமை?''

எனக்குப் பதில் தெரியவில்லை. ஆனால், அந்தப் பெண் காட்டிய ஒரு விஷயம் ஞாபகம் வந்தது. 1949-ல் வந்த ஜெர்மன் அரசியல் சட்டம், ஒன்பதாவது பிரிவு. அதன் முதல் வரி, சங்கம், கழகம் அமைக்கிற உரிமை 'எல்லா ஜெர்மானியர்களுக்கும்' உண்டு என்கிறது. ஆனால், மூணாவது உட்பிரிவு தொழிலாளர் சங்கத்தைப் பற்றிப் பேசும்போது வார்த்தை மாறிவிடுகிறது. அந்த உரிமை 'எல்லோருக்கும், எல்லாத் தொழில்களுக்கும்' உண்டு! பாத்திரம் கழுவுகிற உசிலம்பட்டிக்காரனுக்கும் சேர்த்துத்தான்.

''அப்ப நான் விருந்தாளி இல்லையா?''

''விருந்தாளியை யாராவது பாத்திரம் கழுவச் சொல்வாங்களா மாப்ள?''

சிரித்துவிட்டான். இந்தத் தடவை நிஜச் சிரிப்பு.

மறுநாள் மூணு பேரும் உட்கார்ந்து கடிதம் எழுதினார்கள். யார் பேரை முதலில் போடுவது என்றுதான் சிக்கல். முதல் பேர்தானே முதலில் மாட்டும்? கடைசியில் சிரியா அண்ணன் ஐடியா கொடுத்தார். வட்டமாகக் கையெழுத்துப் போட்டார்கள். எது முதல், எது கடைசி என்று யாராலும் சொல்ல முடியாது! 14 நாள் கெடு. தபாலில் போட்டுவிட்டு, ஆல்ட்மார்க்ட் சதுக்கத்தில் 1434-லிருந்து வரலாறு உள்ள ஷ்ட்ரீட்ஸல் கிறிஸ்துமஸ் சந்தைக்குப் போனோம். ஒரே விளக்கு வெளிச்சம். மாப்ள மட்டும் கடைகளைப் பார்க்கவில்லை. கடைகளுக்குப் பின்னால் கப் கழுவிக்கொண்டிருந்தவர்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நோட்டு

நான் ஊர் திரும்பிவிட்டேன். ஜனவரியில் ஒரு நாள் போன்.

''மாப்ள, 298 யூரோ வந்துடுச்சு!''

முக்கால் மணி நேரங்களின் பணம். கொலம்பியாப் பெண்ணுக்குக் காய்ச்சல் வாரச் சம்பளமும் வந்துவிட்டது. சிரியா அண்ணனுக்கு லீவு எழுதிக் கொடுத்தாச்சு. ட்ரையல் நாட்களுக்கு மட்டும் ''தர முடியாது'' என்று பதில். அந்த 154 யூரோவுக்காகத் தொழிலாளர் கோர்ட்டில் மனு கொடுத்திருக்கிறார்கள். வக்கீல் இல்லாமலே கொடுக்கலாமாம்.

எல்லாம் சுபமா? இல்லை. முதலாளி இப்போது 'குடும்பம்' என்று சொல்வதில்லை. டிப்ஸ் அதிகம் விழுகிற வெள்ளிக்கிழமை ஷிஃப்ட் மாப்ளைக்கு இப்போது கிடையாது. ஒப்பந்தம் புதுப்பிப்பார்களா என்பதும் தெரியாது. ''வயித்துல புளி கரைச்சுக்கிட்டேதான் வேலைக்குப் போறேன்'' என்றான்.

பிறகு ஒரு போட்டோ அனுப்பினான். பாத்திரம் கழுவுகிற தொட்டிக்கு மேலே, ஆணியில் நூல் கட்டித் தொங்கும் ஒரு நோட்டு. பக்கத்திலேயே ஒரு பேனா. அவரவர் வந்த நேரம், போன நேரம், அவரவர் கையெழுத்தில். முதலாளி கழற்றிப் போடவில்லை. போட்டாலும் இன்னொன்று வாங்கி மாட்ட மூணு பேர் இருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியும்.

படத்தைப் பெரிசாக்கிப் பார்த்தேன். கடைசி வரியில் நாலாவதாக ஒரு புதுக் கையெழுத்து.

''யார்டா அது?''

''வங்காளதேசத்துப் பையன். இன்னிக்குத்தான் சேர்ந்தான். ட்ரையல். 'முதல்ல நேரத்தை எழுதுடா'ன்னு நோட்டைக் கையில கொடுத்துட்டோம்!''

ஜெர்மனி கிளம்பும் பாஸ் கவனத்துக்கு...

* குறைந்தபட்சக் கூலி 2015-ல் 8.50 யூரோவில் ஆரம்பித்தது. 2026 ஜனவரி முதல் மணிக்கு 13.90 யூரோ, 2027 ஜனவரியில் 14.60 ஆகிறது.

* இந்திய மாணவர்கள் வருஷத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை பார்க்கலாம். இந்த வரம்பு 2024 மார்ச்சில் உயர்த்தப்பட்டது. இதைத் தாண்டாதீர்கள், 'கணக்கில் வராமல் கையில் காசு' என்றால் ஓடிவிடுங்கள். மாட்டினால் விசாவுக்கே வேட்டு!

* முதல் நாளிலிருந்தே நேரத்தை எழுதி வையுங்கள். ஒப்பந்தம், சம்பளச் சீட்டு ரெண்டுக்கும் காப்பி கையில் இருக்கட்டும்.

* வேலையை விட்டு நீக்கிக் கடிதம் வந்தால், எதிர்த்து வழக்குப் போட மூணே வாரம்தான் டைம். அழுது முடித்துவிட்டுப் போகலாம் என்று இருந்தால் கெடு தாண்டிவிடும்.

* கூட வேலை பார்க்கிறவன் பேர் என்ன, எந்த ஊர் என்று கேட்டு வையுங்கள். சங்கம் ஆரம்பிக்கிறது அங்கேதான்!